இடது பக்கம் உட்கார்ந்து வந்தவர்

காலை எட்டேகால் கரியாலூர் வண்டியை அனுப்பிவிட்டு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எங்கள் பஸ் கம்பெனி மேசையில் உட்கார்ந்து நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். கைபேசியில் சிவகாமி மேடத்தின் பெயர் வந்தது. டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் வைப்பது பற்றி முந்தின நாள் சாயங்காலம்தான் அரை மணி நேரம் என்னிடம் சண்டை போட்டிருந்தார். மிச்சச் சண்டையையும் போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, “சொல்லுங்க மேடம், இன்னும் கோவம் தீரலியா?” என்றேன். பேசியவர் அவருடைய கணவர் குமரவேல் சார். “அண்ணா, சிவகாமி போய்ட்டாண்ணா” என்றார். எங்கே போய்ட்டாங்க என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

பக்கத்தில் நின்ற கண்டக்டர் பழனி என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னாண்ணா என்று கேட்டான். சொன்னேன். தோளில் இருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவனும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று ஒன்பது மணி வண்டி ஏழு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவது என்று தெரியாமல் அதைக் காலியாக விட்டேன்.

அவருடைய கல்லூரியில் நினைவு மலர் போடுகிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதும் மலரில் நீங்களும் எழுதுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நான் பத்தாவது படித்த டிரைவர். பெயர் ஏழுமலை. எழுதியதை என் மகள் பிழை திருத்தித் தந்தாள். நான் கோபமாக எழுதியிருக்கிற இடங்களில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மேடத்துக்கும் எனக்கும் கோபம் இல்லாத நாள் கம்மி.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிவகாமி மேடம் எலவனாசூர்கோட்டைக்காரர். கரும்பும் நெல்லும் வைக்கிற குடும்பம். பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஒருவர் கடினமான வேலை செய்யும்போது அவருடைய மூளைக்கு எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதைக் கண் அசைவை வைத்து அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் ஆபரேஷன் செய்கிற டாக்டர்களுக்கும் எங்கெங்கோ இதைச் செய்கிறார்களாம். மேடம் அங்கெல்லாம் போகவில்லை. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுகிற பஸ்ஸை ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு பாரம் என்று தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் எங்கள் ஷெட்டில் வந்து நின்றார். அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது.

அந்தத் தடத்தில் அப்போது நான்தான் மூத்த டிரைவர். வாயும் எனக்குத்தான் நீளம். முதலாளி அனுப்பிய வேவு ஆள் என்று நினைத்தேன், முகத்துக்கு நேராகவே கேட்டும்விட்டேன். அவர் அசரவில்லை. மலைத் தடத்துக்குக் கம்பெனி கொடுத்திருக்கிற ஓட்ட நேரம் போதாது என்பது தன் சந்தேகம் என்றும், அதை முதலாளியிடம் அழுதுகாட்டிப் பயனில்லை, அளந்துகாட்ட வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் பெயர் எங்கேயும் வராது. எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யார் என்பது முதலாளிக்கோ கல்லூரிக்கோ தன் வீட்டுக்கோகூடத் தெரியாது என்று சத்தியம் செய்தார்.

“சத்தியம் பண்றவங்கள நாங்க ஜாஸ்தி நம்பறதில்ல மேடம்” என்றேன்.

“நம்பாதீங்க. மொதல்ல கண்ணாடிய மாட்டுங்க” என்றார்.

கண்ணாடி என்று பெயர்தானே தவிர அதில் கண்ணாடி கிடையாது, வெறும் பிரேம். கடுகளவு கேமராக்கள் அதில் இருக்கும். சில நம் கண்ணைப் பார்க்கும், ஒன்று ரோட்டைப் பார்க்கும். ஒரு ஒயர் பின் சீட்டுக்குப் போகும். அங்கே மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மேடம் உட்கார்ந்திருப்பார். திரையில் ரோடு ஓடும். நான் எதைப் பார்க்கிறேனோ அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும். புள்ளி எவ்வளவு தூரம் அலைகிறது, ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனை முறை இமைக்கிறேன், கண்ணின் பாப்பா எவ்வளவு விரிகிறது என்று எல்லாம் பதிவாகும். பாரம் ஏற ஏறக் கண் அலைவது குறையும், இமைப்பதும் குறையும். இதை அவர் எங்களுக்கு முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

மேடத்துக்கு மலை வளைவு ஆகாது. கொண்டை ஊசி வளைவில் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தால் யாருக்குத்தான் ஆகும்? மூன்றாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைப்பார். ஐந்தாவது வளைவில் பழனி பிளாஸ்டிக் கவரை நீட்டுவான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்ப்பார். பாவமாக இருக்கிறதே என்று ஒரு நாள் வளைவுகளில் மெதுவாகத் திருப்பினேன். கரியாலூரில் இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டார். “எனக்காக மெதுவா ஓட்டாதீங்க. என் கணக்கு கெட்டுப்பூடும். நான் வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போறேன்” என்றார். இரக்கப்பட்டதற்குத் திட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பழனி செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். மேடம் கம்ப்யூட்டரில் இமைக் கணக்கு பார்ப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, இமைக்காமல் ஓட்டுகிறவன்தான் நல்ல டிரைவராம், இமைக்கிறவனை வேறு தடத்துக்கு மாற்றப் போகிறார்களாம் என்று ஷெட் முழுக்கப் பரப்பிவிட்டான். கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட ஆட்கள் நாங்கள். அதை அப்படியே நம்பினோம். அடுத்த ஒரு வாரம் பதினோரு டிரைவர்களும் முடிந்தவரை இமைக்காமல் மலை ஏறினோம். கண் எரியும், தண்ணீர் ஊற்றும், துடைக்கவும் மாட்டோம். கரியாலூர் டீக்கடைக் குழாயில் வரிசையில் நின்று கண்ணைக் கழுவிக்கொண்டோம். மலையில் ஏதோ கண் நோய் பரவுகிறது என்று டீக்கடைக்காரர் தன் பேரனை எங்கள் பக்கம் விடவே இல்லை.

மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு பேரும் தாங்க முடியாத பாரத்தில் ஓட்டுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, நேரான ரோட்டில்கூட. நல்ல பெயர் வாங்கப் போய் எல்லோரும் வண்டி ஓட்டத் தகுதியில்லாதவர்களாகத் தெரிந்தோம். கடைசியில் குழாயடியில் எங்களைப் பார்த்துத்தான் விஷயம் அவருக்குப் புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தப்பு தன்னுடையது, விளக்காமல் விட்டது தான்தான் என்றார். அந்த ஒரு வாரக் கணக்கையும் எங்கள் கண் முன்னாலேயே அழித்தார்.

அன்றே டீக்கடையில் பாடமும் நடந்தது. கண்ணாடியை அவரே மாட்டிக்கொண்டார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு கைகளிலும் ததும்பத் ததும்ப டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கடைக்குள் நடந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் வரை இருக்கிற நிறுத்தங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லிப் பழனி கேட்டுக்கொண்டே கூட நடந்தான். இரண்டு நிறுத்தம் சொல்வதற்குள் சிவப்புப் புள்ளி ஒரு கிளாஸின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. சுவர், ஆள், பெஞ்சு எதன் மேலும் போகவில்லை. மேடம் நேராகப் போய் பெஞ்சில் முட்டிக்கொண்டார், டீ முழுவதும் பழனி சட்டையில். “பாத்தீங்களா? பெஞ்சு அங்கதான் இருந்துது. என் கண்ணுக்கு அத்தப் பாக்க நேரமில்ல. பாரம்னா இதுதான்” என்றார். அதற்குப் பிறகு எங்களில் யாரும் இமையை அடக்கவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மலை ரோட்டில் மர நிழலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும். வெளிச்சம் குறைந்தாலும் பாப்பா விரியும், பாரம் ஏறினாலும் விரியும். எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். இன்னொரு நாள், நாங்கள் ஓட்டிய அதே நேரத்தில், அதே ரோட்டில், வேறு டிரைவர் ஓட்ட, நாங்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் சும்மா உட்கார்ந்து வர வேண்டும். அப்போது விரிவது வெளிச்சத்துக்காக. அதைக் கழித்துவிட்டால் மிச்சம் பாரம். சும்மா உட்கார்ந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு டிரைவரைக் கேட்டால்தான் தெரியும். எனக்குக் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. ஏறுகிற பெண்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இனி எழுதப் போவதை மேடம் இறந்த நாள் வரை நான் வீட்டில் என் மனைவியிடமும் மகளிடமும் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நான் ஸ்டியரிங்கை விட்டது முதுகு வலியால் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அளவெடுப்பு முடியும் நேரம். ஒரு நாள் மதியம் கரியாலூரில் வண்டி நின்றிருந்தது. மேடம் பழனியை டீ வாங்க அனுப்பினார். அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏழுமலண்ணா, கேட்டா கோச்சிக்காதீங்க. எடது பக்கம் உங்களுக்கு எப்பிடித் தெரியுது?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏனென்றால் எனக்குத் தெரியும். அந்த வருடம் இரண்டு தடவை வண்டியின் இடது பக்கக் கண்ணாடியை உரசியிருந்தேன். ஒரு தடவை கிளீனர்மேல் பழி போட்டேன், இன்னொரு தடவை கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்று மெக்கானிக்கிடம் சண்டை போட்டேன். ஒரு டிரைவர் தன் கண்ணைத் தவிர எல்லாவற்றின் மீதும் சந்தேகப்படுவான்.

அவர் திரையில் காட்டினார். மற்ற டிரைவர்களுடைய சிவப்புப் புள்ளி நிமிடத்துக்குப் பல தடவை இடது ஓரத்துக்குப் போய்விட்டு வருகிறது. அங்கே நிற்கிற ஆளைத் தொடுகிறது, கண்ணாடியைத் தொடுகிறது. என்னுடையது போகவே இல்லை. தலையை முழுவதாகத் திருப்பினால்தான் போகிறது. “மத்தவங்களுக்கு வளைவுல ஏறுற பாரம் உங்களுக்கு நேர் ரோட்லயே இருக்குண்ணா. எனக்கு வைத்தியம் தெரியாது. கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் வண்டி எடுக்காதீங்க” என்றார்.

“நீங்க சத்தியம் பண்ணீங்க” என்றேன்.

“மொதலாளிகிட்ட சொல்ல மாட்டேன்னு பண்ணேன். உங்ககிட்டயே சொல்ல மாட்டேன்னு பண்ணலியே.”

அதற்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. படித்த திமிர் என்றேன், அது அதில் மிக மென்மையானது. மகள் கல்யாணத்துக்கு நிற்கிற நேரத்தில் என் பிழைப்பில் மண் அள்ளிப் போட வந்தாயா என்று ஒருமையில் கேட்டேன். நாளைக்கும் வண்டி எடுப்பேன், நாளை மறுநாளும் எடுப்பேன், முடிந்ததைப் பார்த்துக்கொள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரல் மாறவில்லை. “எடுத்தீங்கன்னா நானும் ஏறுவேன். எடது பக்கம் முன் சீட்ல உக்காந்துக்கினு வருவேன்” என்றார்.

சொன்னபடியே மறுநாள் காலையில் வந்தார். கம்ப்யூட்டர் இல்லை, கண்ணாடி இல்லை, கவரும் எலுமிச்சம்பழமும் மட்டும். முன் வாசலுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. நாள் முழுவதும் ஏறி இறங்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் இறங்கும்போது, பார்த்தாயா என்கிற மாதிரி அவரைப் பார்த்தேன். அவர் வாடிப்போய் நடந்து போனார்.

இரண்டாம் நாள் கரியாலூரிலிருந்து இறங்குகிறேன். நல்ல வெயில். வலது பக்கம் திரும்புகிற ஒரு வளைவு. திரும்பி முடிக்கும் நேரத்தில் மேடத்தின் குரல் வந்தது. கத்தவில்லை. “அண்ணா, எடது பக்கம் ஒரு அம்மா” என்றார். பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. அப்புறம்தான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தலையில் சாமை மூட்டையுடன் ஒரு மலைக்காரப் பெண்மணி ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் பயப்படவில்லை. நான் அவருக்காகத்தான் நிறுத்தினேன் என்று நினைத்துவிட்டார். நிதானமாக மூட்டையை ஏற்றினார், தானும் ஏறினார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கை காட்டறதுக்கு முன்னாடியே நிறுத்திட்ட சாமி. நீ நல்லா இருக்கணும்” என்றார்.

பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரியும். கச்சிராயபாளையம் வரை எப்படி வண்டியைக் கொண்டுவந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வழி முழுக்க மேடம் தணிந்த குரலில் இடது பக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆள் இல்லை, மாடு நிற்குது, பைக் போய்டுச்சு, ஆள் இல்லை. பழனிகூட அவர் ஏதோ சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்தானாம். கச்சிராயபாளையத்தில் இறங்கி, முதுகு பிடித்துக்கொண்டது என்று பழனியிடம் சொன்னேன். வேறு டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிறகு நான் பஸ் ஓட்டவில்லை.

புதுச்சேரியில் கண்ணாஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய், வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் என்றார் டாக்டர். இடது கண்ணில் முக்கால்வாசி போய்விட்டது, திரும்ப வராது. வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், சொட்டு மருந்து விட்டால் காப்பாற்றலாம். இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார். வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன். மேடம் பக்கத்துக் கடையில் இரண்டு சமோசா வாங்கி வந்து ஒன்றை என் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறக் காத்திருந்தோம். அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “அந்த ரெண்டு நாளு நான் பண்ணது தப்புண்ணா. மொத நாளே வண்டிக்கு முன்னாடி நின்னு மறிச்சிருக்கணும். உங்க மொகத்தப் பாத்து தயங்கிட்டேன். ஐம்பது பேர பணயம் வச்சிட்டேன்” என்றார். தப்பு செய்தவன் நான். கண் தெரியாது என்று தெரிந்தே ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் மறித்திருந்தால் அன்று ஷெட்டே கூடியிருக்கும், என் மானம் போயிருக்கும். அந்த மானத்துக்காகத் தயங்கியதைத்தான் அவர் தப்பு என்று எண்ணினார். அதற்காகக் கடைசி வரை தன்னை அவர் மன்னிக்கவில்லை.

மேடம் முதலாளியிடம் போய், தன் ஆராய்ச்சிக்குத் தடம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதுகு வலிக்காரன்தானே என்று முதலாளியும் என்னைத் தந்தார், பேருந்து நிலையத்தில் நேரம் பார்க்கிற வேலையும் போட்டுக் கொடுத்தார். எந்த இடத்தில் கிளை மறைக்கிறது, எந்த வளைவில் எல்லா டிரைவர்களுடைய கண்ணும் குத்திட்டு நிற்கிறது என்று நானும் மேடமும் சேர்ந்து குறித்தோம். அதை வைத்து மலைத் தடத்தின் ஓட்ட நேரத்தில் பத்து நிமிடம் கூட்டித் தந்தார்கள். இன்று கரியாலூர் வண்டியில் அவசரமில்லாமல் ஓட்டுகிற ஒவ்வொரு டிரைவரும் மேடம் வாங்கிக் கொடுத்த நிமிடத்தில்தான் ஓட்டுகிறார்.

எலவனாசூர்கோட்டையில் அவர் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். குமரவேல் சார் பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனிதர். போகும்போதெல்லாம் முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். தெரிந்த வைத்தியரிடம் சொல்லித் தைலம் வாங்கி வைத்திருந்து கொடுப்பார். இப்படித்தான் தேய்க்க வேண்டும் என்று செய்துகாட்டுவார். மேடம் குழம்பு ஊற்றிக்கொண்டே, “நல்லா தேச்சிக்கங்கண்ணா, வுட்டுடாதீங்க” என்பார். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இருக்காது. வாசலுக்கு வழியனுப்ப வரும்போது தணிந்த குரலில், சொட்டு மருந்து தீர்ந்ததா, அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்பார். என் வீட்டில் இப்போது ஆறு பாட்டில் தைலம் இருக்கிறது.

முகாம் சண்டைக்கு வருகிறேன். எல்லா டிரைவர்களுக்கும் கண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் வைக்கலாம் என்று மேடம் ஏற்பாடு செய்தார். டாக்டர்கள் தயார். டிரைவர்கள் ஒருத்தரும் பெயர் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்கள்? கண்ணில் குறை என்று தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்ததுபோல் எல்லோருக்கும் இருக்கும். கடைசியாக மேடம் எனக்குப் போன் செய்தார். “நீங்க உங்க கதையச் சொன்னா வருவாங்க” என்றார். முடியாது என்றேன். கண் தெரியாமல் பஸ் ஓட்டினவன் என்று என் பெயர் போகும், என் வண்டியில் ஏறிய அத்தனை பேரும் சபிப்பார்கள் என்றேன். அப்படியென்றால் இன்னொருத்தனுக்கு உங்களுக்கு வந்த நாள் வரட்டுமா என்று கேட்டார். நான் போனில் கத்தினேன். நீங்களே சொல்லித் தொலையுங்கள், இன்னும் எதற்குச் சத்தியம் என்றேன். “நான் சொல்ல மாட்டேண்ணா. அது நீங்க சொல்ல வேண்டியது” என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

மேடம் இறந்த அன்று முதலாளி எங்களுக்காக ஒரு பஸ்ஸையே கொடுத்தார். டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லோரும் மதியம் எலவனாசூர்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றோம். குமரவேல் சார் எங்களிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“ஏழுமலண்ணா, உங்க டிரைவருங்கள்ல ஒருத்தருக்குக் கண்ணுல கோளாறுன்னு இவ கண்டுபுடிச்சாளாமே. நாலு வருஷமா கேக்கறேன், பேரு சொல்லவே இல்ல. கட்டின புருஷன்கிட்டகூட. ராத்திரி சாமி கும்புடறப்ப அவரு கண்ணு நல்லா இருக்கணும்னு மட்டும் சொல்லுவா. அவரு வந்திருக்காரா? உங்களுக்குத் தெரிஞ்சா காட்டுங்க. கண்ணு எப்பிடி இருக்குன்னு அவகிட்ட நான் சொல்லி அனுப்பணும்.”

என்னைச் சுற்றிப் பத்து டிரைவர்கள் நிற்கிறார்கள். பழனி நிற்கிறான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் முதுகுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்லா இருக்குங்க சார். உங்க மொகம் நல்லாத் தெரியுதுங்க. எனக்குத்தாங்க அது” என்றேன்.

சார் என்னை அப்படியே அழைத்துக்கொண்டு போய் மேடத்தின் பக்கத்தில் நிற்க வைத்தார். வலது கண்ணால் அவர் முகத்தை முழுவதாகப் பார்த்தேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் யாரும் சபிக்கவில்லை. பழனி மட்டும், “அன்னிக்கி சாமி பேரு சொல்லலியாண்ணா அவங்க?” என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

மேடம், உங்களுக்கு நன்றி என்று உயிரோடு இருந்தபோது நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. இப்போது சொல்கிறேன், நன்றி மேடம். போன ஞாயிற்றுக்கிழமை முகாம் நடந்தது. பத்து டிரைவர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அழுத்தம் ஜாஸ்தி, நல்ல வேளையாக ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். அவரைப் புதுச்சேரிக்கு நானே அழைத்துக்கொண்டு போய் வந்தேன். வராந்தாவில் இரண்டு பேருமாகச் சமோசா சாப்பிட்டோம். யார் அவர் என்று வீட்டில் என் மனைவி கேட்டாள், முதலாளி கேட்டார், பழனி தினமும் கேட்கிறான். நான் சொல்ல மாட்டேன். போய் வாருங்கள், மேடம்.